டாக்ஸ் கோடு தப்பா இருக்கா? யூகே பேஸ்லிப்ப வச்சே கண்டுபிடிச்சு சரி பண்ற வழி

யூகேல மாச சம்பளம் வாங்குற நம்மாளுங்க நிறைய பேர் பேஸ்லிப்ப திறந்ததும் கடைசில கைக்கு வர்ற தொகைய மட்டும் பாத்துட்டு மூடிடறாங்க. மேல ஓரமா 1257எல்னு சின்னதா ஒண்ணு இருக்கும் பாருங்க, அதுதான் டாக்ஸ் கோடு, எவ்வளவு டாக்ஸ் பிடிக்கணும்ங்கறத அதுதான் முடிவு பண்ணுது. அது தப்பா இருந்தா மாசம் இருநூறு முந்நூறு பவுண்டு கூடுதலா போகும், இல்லன்னா கம்மியா பிடிச்சிட்டு அடுத்த வருஷம் பாக்கி கட்டுங்கன்னு லெட்டர் வரும். கோட செக் பண்ற பொறுப்பு நம்ம தலைலதான். கம்பெனில சம்பளம் போடற பேரோல்ல இருக்கறவங்க, யூகே டாக்ஸ் டிபார்ட்மெண்ட்டான ஹெச்எம்ஆர்சி அனுப்புற கோட அப்படியே போடுவாங்க, அது உங்களுக்கு சரியா தப்பான்னு அவங்க பாக்கறதில்ல, பாக்கவும் முடியாது, ஏன்னா உங்க மத்த வருமானம் என்னன்னு அவங்களுக்கு தெரியாது.

கைல ரெண்டு விஷயம் வச்சுக்கங்க. ஒண்ணு கடைசியா வந்த பேஸ்லிப். இன்னொன்னு ஹெச்எம்ஆர்சி ஆப், இல்லன்னா கவ் டாட் யூகே சைட்ல உங்க பர்சனல் டாக்ஸ் அக்கவுண்ட். ஆப்ல உங்க பேர்ல எத்தன வேலை பதிவாகியிருக்கு, ஒவ்வொண்ணுக்கும் என்ன கோடு, அந்த கோடு எப்படி வந்துச்சு, இந்த வருஷம் நீங்க எவ்வளவு சம்பாதிப்பீங்கன்னு அவங்க நினைக்கறாங்க, எல்லாமே இருக்கும். பாதி பிரச்சனை அந்த ஒரு ஸ்க்ரீன்லயே பிடிபட்டுடும்.

கோட படிக்கறது ஈசி. நம்பர பத்தால பெருக்குங்க, அதுதான் வருஷத்துக்கு டாக்ஸ் இல்லாம நீங்க வாங்கக்கூடிய சம்பளம். 1257ன்னா 12,570 பவுண்டு, 2021 ஏப்ரல்ல இருந்து இது ஏறவே இல்ல. மாசத்துக்கு ஏறக்குறைய 1,048. அதுக்கு மேல வர்றதுக்கு 20 சதவீதம், வருஷ வருமானம் 50,270ஐ தாண்டினா தாண்டினதுக்கு 40, 125,140ஐ தாண்டினதுக்கு 45.

இத நீங்களே கணக்கு போட்டு பாக்கலாம். பேஸ்லிப்ல மாச நம்பர் இருக்கும், டாக்ஸ் வருஷம் ஏப்ரல் 6ல ஆரம்பிக்கறதால ஏப்ரல் கடைசி சம்பளம் 1ஆம் மாசம், செப்டம்பர் கடைசி சம்பளம் 6ஆம் மாசம். உதாரணமா செப்டம்பர் வரைக்கும் மொத்த சம்பளம் 13,000ன்னு வச்சுக்கங்க, 12,570ல பாதி 6,285 கழிச்சா 6,715, அதுல 20 சதவீதம் 1,343. பேஸ்லிப்ல இதுவரைக்கும் பிடிச்ச மொத்த டாக்ஸ்னு இருக்கற இடத்துல ஒரு பவுண்டு ரெண்டு பவுண்டு முன்னபின்ன இதே வந்தா நிம்மதி. பென்ஷனுக்கு பிடிக்கறாங்கன்னா கம்பெனியப் பொறுத்து அத கழிச்ச அப்புறம் கணக்கு போடணும், அதனால மொத்த சம்பளத்த எடுக்காம டாக்ஸுக்குரிய சம்பளம்னு தனியா போட்டிருக்கற தொகைய எடுங்க. என்ஐய (நேஷனல் இன்ஷூரன்ஸ்) இதுல சேக்காதீங்க, அது தனி, டாக்ஸ் கோடுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. என்ஐ பக்கத்துல பெரும்பாலும் ஏ அப்படின்னு ஒரு எழுத்து இருக்கும், அது டாக்ஸ் கோடு இல்ல, நிறைய பேர் அதப் பாத்து குழம்பறாங்க.

இனி உங்க பேஸ்லிப்ல என்ன தெரியுதோ அந்த இடத்துக்கு போங்க.

கோடு 1257எல் தான், ஆனா பின்னாடி எம்1, டபிள்யூ1 இல்ல எக்ஸ்னு ஒண்ணு ஒட்டியிருக்கு

இத நான் முதல்ல வைக்கறதுக்கு காரணம் இருக்கு. சென்னைல இருந்தோ யாழ்ப்பாணத்துல இருந்தோ புதுசா வேலைக்கு வர்றவங்களுக்கு அதிகமா நஷ்டம் வர்ற இடம் இதுதான், நம்பர் சரியா இருக்கறதால யாரும் சந்தேகப்படறதே இல்ல.

சாதாரண 1257எல் வருஷ ஆரம்பத்துல இருந்து சேத்து கணக்கு போடும், அதாவது நீங்க வேலை பாக்காத மாசத்தோட டாக்ஸ் இல்லாத சலுகையும் உங்க கணக்குல நிக்கும். எம்1 ஒட்டினா (வார சம்பளத்துக்கு டபிள்யூ1, எக்ஸும் இதே மாதிரிதான்) அந்தந்த மாசம் மட்டும்தான், முன்னாடி போனது போனதுதான். அக்டோபர்ல ஒருத்தர் வந்து மாசம் 2,500க்கு சேர்றார்னு வைங்க. சரியான கணக்குப்படி அக்டோபர்ல இருந்து ஜனவரி வரைக்கும் அவருக்கு ஒரு பைசா டாக்ஸ் போகக்கூடாது, பிப்ரவரிலதான் ஆரம்பிக்கும், மார்ச் சம்பளத்தோட மொத்தம் 486 பவுண்டு. அதே ஆளுக்கு எம்1 போட்டா மாசம் 290.50 வீதம் 6 மாசத்துக்கு 1,743 போயிடும். வித்தியாசம் 1,257 பவுண்டு, புதுசா வந்து வீட்டு டெபாசிட்டும் குளிர் ஜாக்கெட்டும் வாங்க திணறுற நேரத்துல!

ஏன் இப்படி ஆகுதுன்னா, சேரும்போது கம்பெனி ஸ்டார்ட்டர் செக்லிஸ்ட்னு ஒரு ஃபார்ம் தரும், அதுல ஏ, பி, சின்னு மூணு வாக்கியம். இந்த டாக்ஸ் வருஷத்துல யூகேல இதுதான் முதல் வேலை, வேற வேலையோ பென்ஷனோ இல்லன்னா ஏ. ஏப்ரல் 6க்கு அப்புறம் வேற வேலை பாத்து முடிச்சிருந்தா இல்ல வேலையில்லாதவங்களுக்கான பணம் வாங்கியிருந்தா பி, அதுக்கு எம்1 வரும். இப்பவும் இன்னொரு வேலையோ பென்ஷனோ ஓடுதுன்னா சி, அதுக்கு பிஆர்ங்கற கோடு, அத கீழ சொல்றேன். ஊர்ல ஏற்கனவே வேலை பாத்தோமேன்னு நேர்மையா யோசிச்சு பியை டிக் பண்றவங்கதான் மாட்டிக்கறாங்க.

சரி பண்றது: பி45 (போன வேலைய விடும்போது கம்பெனி குடுக்கற பேப்பர்) இருந்தா உடனே பேரோலுக்கு குடுங்க. புதுசா வந்தவங்ககிட்ட பி45 இருக்காது, அவங்க ஆப்லயோ ஃபோன்லயோ இதுதான் இந்த வருஷத்துல என் முதல் வேலைன்னு ஹெச்எம்ஆர்சிக்கு சொல்லி க்யூமுலேட்டிவ் பேசிஸ்க்கு மாத்த சொல்லுங்க. அந்த வார்த்தைய அப்படியே சொன்னா போதும், அவங்களுக்கு புரியும். கோடு மாறினதும் அதிகமா பிடிச்சது மொத்தமும் அடுத்த சம்பளத்தோடயே வந்துடும், தனியா எங்கயும் க்ளெய்ம் பண்ண வேண்டியதில்ல. ஏப்ரல் 5க்கு முன்னாடி வர்ற கடைசி சம்பளத்துக்குள்ள நடக்கணும், அதான் முக்கியம்.

ஒரே வேலைதான் பாக்கறேன், ஆனா கோடு பிஆர்னு இருக்கு

பிஆர்னா டாக்ஸ் இல்லாத சலுகை பூஜ்யம், முதல் பவுண்டுல இருந்தே 20 சதவீதம். மாசம் 1,500 வாங்கறவருக்கு 300 போகும், 1257எல்லா இருந்தா 90.50தான் போயிருக்கும். ரெண்டாவது வேலைக்கு பிஆர் வர்றது சகஜம், தப்பில்ல. ஒரே வேலைக்கு வந்தா ஹெச்எம்ஆர்சி உங்களுக்கு ரெண்டு வேலை இருக்கறதா நினைச்சிட்டு இருக்குன்னு அர்த்தம்.

ஆப்ல வேலைகள் லிஸ்ட்ட பாருங்க. பெரும்பாலும் ரெண்டுல ஒண்ணு தெரியும். பழைய கம்பெனி இன்னும் மூடாம ஓடிட்டிருக்கும், நீங்க வேலைய விட்ட தேதிய அவங்க இன்னும் அனுப்பல. இல்லன்னா ஒரே கம்பெனி பேரு ரெண்டு தடவ இருக்கும், கம்பெனி பேரோல் சாஃப்ட்வேர மாத்தும்போது உங்க பேரோல் நம்பரும் மாறி, மாறின விஷயத்த ஒழுங்கா சொல்லாம விட்டா ஹெச்எம்ஆர்சி கம்ப்யூட்டர் அத புது வேலைன்னு எடுத்துக்கும். ரெண்டாவது கேஸ்ல வருஷ சம்பளமே டபுளா தெரியும், அதனால பிஆர் மட்டுமில்ல, டி0 கூட வரலாம், அதுல முழு சம்பளத்துக்கும் 40 சதவீதம், டி1ன்னா 45.

அந்த வேலை முடிஞ்ச தேதிய ஆப்லயே போட்டு விடலாம். ஒரே கம்பெனி ரெண்டு தடவ இருந்தா ஃபோன் பண்றதுதான் நல்லது, ரெண்டு எண்ட்ரியும் ஒண்ணுதான், ஒண்ண மூடுங்கன்னு சொல்லுங்க, எது உண்மையோ அதோட பேரோல் நம்பர பேஸ்லிப்ப பாத்து படிச்சு காட்டுங்க, இல்லன்னா தப்பானத மூடிடுவாங்க.

சைபர் முதல்ல வந்து பின்னாடி டீ: 0டீ

இதுவும் சலுகை இல்லாத கோடுதான், ஆனா பிஆர் மாதிரி 20ல நிக்காது. மாசம் 3,142 பவுண்டு வரைக்கும் 20, அதுக்கு மேல 40ன்னு ஏறும். ஸ்டார்ட்டர் செக்லிஸ்ட்ட ஃபில் பண்ணாம விட்டா கம்பெனி இதத்தான் போடணும், ரூலே அதான், அவங்க மேல கோபப்பட்டு பிரயோஜனம் இல்ல. ஃபார்ம இன்னைக்கே குடுங்க. வருமானம் உண்மையிலயே 125,140ஐ தாண்டியிருந்தா மட்டும் 0டீ உங்களுக்கு சரியான கோடு, ஏன்னா 100,000க்கு மேல ஒவ்வொரு 2 பவுண்டுக்கும் 1 பவுண்டு சலுகை குறைஞ்சு அங்க வரும்போது காலியாயிடும். ஒரு மாசம் பெரிய போனஸ் வந்தத வச்சு வருஷம் பூரா இப்படித்தான்னு கணக்கு போட்டு கோட குறைக்கறதும் நடக்கும், ஆப்ல வருஷ சம்பள எஸ்டிமேட்ட திருத்தி விட்டா சரியாயிடும்.

ரெண்டு சின்ன வேலை, ஒண்ணு 1257எல், இன்னொண்ணு பிஆர், மொத்த சம்பளமே கம்மி ஆனா டாக்ஸ் அதிகமா இருக்கு

பார்ட் டைமா ரெண்டு இடத்துல வேலை பாக்கற ஸ்டூடண்ட்ஸ், க்ளீனிங், கேர் வேலை பாக்கற அக்காமாருங்க இத அவசியம் பாருங்க. ரெண்டு வேலைலயும் வருஷத்துக்கு 9,000, 9,000ன்னு வைங்க. முதல் வேலைல 12,570 வரைக்கும் சலுகை இருக்கு, ஆனா சம்பளமே 9,000தான், மிச்சம் 3,570 யாருக்கும் உபயோகமில்லாம கிடக்கும். ரெண்டாவது வேலைல முழுசுக்கும் 20 சதவீதம், 1,800. நியாயமா கட்ட வேண்டியது 1,086 மட்டும்தான், 714 பவுண்டு கூடுதல். கோடு ரெண்டும் பாக்க சரியா இருக்கறதால இது கண்ணுல படவே படாது. ஹெச்எம்ஆர்சிகிட்ட சலுகைய ரெண்டு வேலைக்கும் பிரிச்சு குடுங்கன்னு கேக்கலாம், 900 ஒரு பக்கம் 357 ஒரு பக்கம்னு கோடு மாறும். ஆனா ஷிஃப்ட் ஏறி இறங்குற வேலையா இருந்தா பிரிக்கறதுக்கு முன்னாடி யோசிங்க, முதல் வேலைல ஓவர்டைம் அதிகமானா அங்க டாக்ஸ் ஆரம்பிச்சிடும், அந்த மாதிரி இருந்தா வருஷம் முடிஞ்சு திரும்ப வாங்கிக்கறதே நிம்மதி.

ரெண்டு வேலை, ரெண்டுலயும் 1257எல்

கைல பணம் அதிகமா வருது, சந்தோஷமாத்தான் இருக்கும், ஆனா அது உங்க பணம் இல்ல. 20,000 சம்பளத்துல ஒண்ணு, 5,000ல ஒண்ணு, ரெண்டுக்கும் 1257எல்னா ரெண்டாவதுல டாக்ஸே பிடிச்சிருக்க மாட்டாங்க, வருஷக் கடைசில 1,000 பவுண்டு பாக்கி. தெரிஞ்ச அன்னைக்கே சொல்லிடுங்க, எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ அவ்வளவு பாக்கி குறையும். 3,000க்கு கம்மியான பாக்கிய பொதுவா அடுத்த வருஷ கோட குறைச்சு மாசா மாசம் எடுத்துக்குவாங்க. கஷ்டமா இருந்தா இன்னும் நீட்டிக் குடுங்கன்னு கேக்கலாம், கேக்கறதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. நீங்க முன்னாடியே ஒழுங்கா தகவல் குடுத்து, அவங்க அந்த டாக்ஸ் வருஷம் முடிஞ்சும் ஒரு வருஷத்துக்கு மேல அத கண்டுக்காம விட்டுட்டு இப்ப பழைய பாக்கிய கேட்டா, ஏ19ன்னு ஒரு சலுகை இருக்கு, அதுல தள்ளுபடி கேட்டு எழுதலாம்.

நம்பர் 1257ஐ விட கம்மி

1177எல், 1107எல் மாதிரி இருந்தா எதையோ கழிச்சிருக்காங்க. எத கழிச்சாங்கன்னு ஆப்லயும், ஹெச்எம்ஆர்சி கோட சொல்லி அனுப்புற பி2 லெட்டர்லயும் வரி வரியா இருக்கும். கம்பெனி குடுக்கற ப்ரைவேட் மெடிக்கல் இன்ஷூரன்ஸ் 800ன்னா 1177எல். போன வருஷ பாக்கி 300ஐ பிடிக்கணும்னா 20 சதவீதத்துல 300 வர்ற அளவுக்கு 1,500 கழிச்சு 1107எல் போடுவாங்க, 300க்கு ஏன் 1,500 கழிக்கறாங்கன்னு பயப்படாதீங்க, கணக்கு சரிதான்.

ஒவ்வொரு வரியும் இன்னும் உண்மையான்னு மட்டும் கேட்டுக்கங்க. போன கம்பெனில இருந்த மெடிக்கல், திருப்பி குடுத்த கார், இதெல்லாம் வேலை மாறின அப்புறமும் கோட்ல ஒட்டிக்கிட்டே வரும். பேங்க் வட்டியும் அப்படித்தான், பேங்க் அனுப்பின பழைய வருஷ வட்டிய வச்சு இந்த வருஷமும் அவ்வளவு வரும்னு எஸ்டிமேட் போடறாங்க. வீடு வாங்க சேத்து வச்ச பணம் போன வருஷமே செலவாகிப் போச்சுன்னா இந்த வருஷம் வட்டி ஏது? அத சொல்லி எடுக்க வைங்க. 20 சதவீதக்காரங்களுக்கு முதல் 1,000 பவுண்டு வட்டிக்கு டாக்ஸ் இல்லைங்கறதையும் ஞாபகம் வச்சுக்கங்க.

அப்பா அம்மா பென்ஷன்ல நம்பர் ரொம்ப சின்னதா இருக்கு, இல்ல கேன்னு ஆரம்பிக்குது

ஸ்டேட் பென்ஷனுக்கு டாக்ஸ் உண்டு, ஆனா அத குடுக்கும்போது பிடிக்க மாட்டாங்க, கம்பெனி பென்ஷனோட கோட்ல கழிச்சு அங்க பிடிப்பாங்க. 2025-26ல முழு புது ஸ்டேட் பென்ஷன் வாரம் 230.25, வருஷத்துக்கு 11,973. 12,570ல அது போனா மிச்சம் 597, அதனால 59எல். பாக்கறவங்களுக்கு திக்குனு இருக்கும், ஆனா சரியான கோடு. இங்க செக் பண்ண வேண்டியது அவங்க போட்டிருக்கற ஸ்டேட் பென்ஷன் தொகை நிஜமா வர்ற தொகைதானா, வருஷ நடுவுல பென்ஷன் ஆரம்பிச்சவங்களுக்கு முழு வருஷத்துக்கும் போட்டுட்டாங்களான்னுதான்.

கே வந்தா கழிக்க வேண்டியது சலுகைய விட அதிகமாயிடுச்சுன்னு அர்த்தம். கே475ன்னா 4,750ஐ சம்பளத்தோட கூட்டி டாக்ஸ் போடுவாங்க. எப்படி இருந்தாலும் அந்த சம்பளத்துலயோ பென்ஷன்லயோ பாதிக்கு மேல டாக்ஸா எடுக்கக்கூடாதுன்னு வரம்பு இருக்கு, தாண்டியிருந்தா உடனே கேளுங்க.

எம், என்னு முடியுது

1383எம், 1131என் ரெண்டும் ஜோடி. கணவன் மனைவில ஒருத்தர் வருமானம் 12,570க்கு கீழ, இன்னொருத்தர் 20 சதவீதக்காரர்னா 1,260 சலுகைய மாத்திக் குடுக்கலாம், வருஷம் 252 பவுண்டு வரைக்கும் மிச்சம். டிபெண்டண்ட் விசால வந்து வேலைக்கு போகாம வீட்டுல இருக்கற துணை உள்ள நம்ம குடும்பங்கள் எவ்வளவோ, ஆனா இத கேக்காமலே இருக்காங்க, எனக்கு இது நிஜமாவே வருத்தம். ரெண்டு பேருக்கும் என்ஐ நம்பர் இருந்தா போதும், கவ் டாட் யூகேல ஃப்ரீயா போடலாம், தகுதி இருந்த வருஷங்களுக்கு நாலு வருஷம் பின்னாடி வரைக்கும் கேக்கலாம். அப்புறம் துணை வேலைக்கு போய் 12,570ஐ தாண்டிட்டாலோ உங்க சம்பளம் 50,270ஐ தாண்டிட்டாலோ நிறுத்தணும், நிறுத்தாம விட்டா பாக்கியா திரும்பி வரும்.

நர்ஸா இருக்கறவங்க, யூனிஃபார்ம் வீட்டுல துவைக்கறவங்க, அதுக்கும் தனி கழிவு இருக்கு. நர்ஸுக்கு 125, அப்ப கோடு 1269எல். பழைய வேலையோட கழிவு இன்னும் ஒட்டியிருந்தா எடுக்க சொல்லணும், நமக்கு லாபமா இருக்கற தப்பும் தப்புதான்.

முன்னாடி எஸ் இல்ல சி

எஸ்னா ஸ்காட்லாந்து, சின்னா வேல்ஸ். எங்க வேலை பாக்கறீங்கங்கறது கணக்கில்ல, எங்க குடியிருக்கீங்கங்கறதுதான் கணக்கு. கிளாஸ்கோல படிச்சு முடிச்சு லண்டனுக்கு வந்தும் எஸ்1257எல்னு இருந்தா ஹெச்எம்ஆர்சில அட்ரஸ் மாறல. ஸ்காட்லாந்துல ரேட்டே வேற, அதனால அட்ரஸ ஆப்ல மாத்துங்க, கோடு தானா மாறும். கம்பெனில அட்ரஸ் மாத்தினா மட்டும் போதாது.

ஃபோன் பண்ண வேண்டி வந்தா

0300 200 3300, திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும். காலைல திறந்ததும் அடிங்க, மதியத்துல லைன் கிடைக்கறது கஷ்டம். என்ஐ நம்பர், பேஸ்லிப், அதுல இருக்கற கம்பெனியோட பிஏஒய்இ நம்பர், மூணும் முன்னாடி இருக்கணும். கதைய ஆரம்பத்துல இருந்து சொல்லாதீங்க. இப்ப இருக்கற கோடு இது, இன்ன காரணத்தால தப்பு, இந்த கோடு வரணும், இவ்வளவுதான். புது கோட எந்த தேதில கம்பெனிக்கு அனுப்புறாங்கன்னு கேட்டு, பேசினவர் பேரோட எழுதி வச்சுக்கங்க. கம்பெனில அந்த மாச பேரோல் முடிஞ்சிருந்தா அடுத்த மாசம்தான் மாறும். பேரோல்ல போய் நீங்களே கோட மாத்துங்கன்னு சண்டை போடாதீங்க, ஹெச்எம்ஆர்சி சொல்லாம அவங்களால மாத்த முடியாது.

ஏப்ரல் 5 தாண்டிடுச்சு

பணம் போகல. மே 31க்குள்ள கம்பெனி பி60 (அந்த வருஷ சம்பளமும் பிடிச்ச டாக்ஸும் போட்ட பேப்பர்) குடுக்கணும், அத பத்திரமா வைங்க. பெரும்பாலும் ஜூனுக்கு அப்புறம் ஹெச்எம்ஆர்சில இருந்து பி800ன்னு ஒரு கணக்கு வரும், அதுல திரும்ப வர வேண்டியது இருந்தா ஆன்லைன்ல கேட்டா 5 வேலை நாள்ல பேங்க்ல விழும். லெட்டர் வரலன்னாலும் நீங்களே கேக்கலாம், வருஷம் முடிஞ்சு நாலு வருஷம் டைம், 2022-23க்கு 2027 ஏப்ரல் 5 வரைக்கும்.

இதுக்கு ஏஜெண்ட் வேண்டாம். ரீஃபண்ட் வாங்கித் தர்றோம்னு சோஷியல் மீடியால விளம்பரம் பண்றவங்க வர்ற பணத்துல பெரிய பங்க எடுத்துக்கறாங்க, செய்யறது நீங்க ஆப்ல பத்து நிமிஷத்துல செய்யற அதே வேலைதான். உங்களுக்கு ரீஃபண்ட் இருக்கு, லிங்க்க அழுத்துங்கன்னு மெசேஜ் வந்தா அது ஏமாத்து, ஹெச்எம்ஆர்சி ரீஃபண்ட் விஷயத்த மெசேஜ்லயோ ஈமெயில்லயோ சொல்றதில்ல. அந்த மெசேஜ 60599க்கு ஃபார்வர்ட் பண்ணிட்டு அழிச்சிடுங்க.

வருஷ நடுவுல ஊருக்கே திரும்பிப் போறேன்

ஆகஸ்ட்ல வேலைய விட்டுட்டு நிரந்தரமா கிளம்பறவங்க அந்த அஞ்சு மாசத்துக்கு அஞ்சு மாச சலுகைதான் வாங்கியிருப்பாங்க, ஆனா பொதுவா முழு 12,570க்கும் தகுதி உண்டு. பி45 வாங்கிட்டு, யூகேய விட்டுப் போறேன்னு ஹெச்எம்ஆர்சிக்கு சொல்ற பி85 ஃபார்ம போடுங்க. இங்க இருக்கற பேங்க் அக்கவுண்ட்ட அந்த பணம் வந்து சேர்ற வரைக்கும் மூடாதீங்க.